சீட்டு மேசையில் மன அமைதி ஒரு புண்ணியமா?

ஒரு மனிதன் சீட்டு மேசையில் அமர்ந்திருக்கிறான். இரண்டு மணி நேரமாகப் பொறுமையோடு ஆடி வந்திருக்கிறான். இப்பொழுது அவனுக்கு நல்ல சீட்டு வருகிறது. கணக்குப் பார்த்து, நிதானித்து, கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியைப் பந்தயமாக வைக்கிறான். எதிரில் இருப்பவனோ மிகத் தாழ்ந்த சீட்டை வைத்துக்கொண்டு அசட்டுத் துணிவோடு ஈடு கொடுக்கிறான். கடைசிச் சீட்டு திரும்புகிறது. தாழ்ந்த சீட்டு வென்றுவிடுகிறது. பிழையாக ஆடியவன் பணத்தை வாரிக்கொள்கிறான். சரியாக ஆடியவன் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் பங்கிடத் தொடங்கிவிட்டார்கள்.

வாசகரே, அந்த மனிதன் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? கோபிக்காமல், பதறாமல், முகம் கோணாமல் இருக்க வேண்டும் என்பதுதான் போக்கர் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் எல்லாரும் சொல்லும் விடை. நல்ல விடைதான். ஆனால் அந்த அமைதியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அது ஒரு புண்ணியமா, அல்லது பணம் பறிப்பதற்கு உதவும் மற்றொரு கருவியா? இக்கேள்வியையே இங்கு உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

போக்கர் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் குடும்பங்களில் கடதாசி விளையாட்டு அறியாத வீடு குறைவு. பண்டிகை நாட்களிலும் செத்த வீட்டில் விழித்திருக்கும் இரவுகளிலும் 304 ஆடாதவர் யார்? அந்த ஆட்டம் பெரும்பாலும் பணமின்றி, கேலியும் சிரிப்புமாக முடிந்துவிடும். போக்கர் அப்படியன்று, பணப் பந்தயத்தின் மேலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. கொழும்பில் கசினோக்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியிலேயே இந்த ஆட்டம் நடக்கிறது. வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர்க்கு அது இன்னும் அருகில் உள்ளது. ஆகவே அதைப் பற்றித் தெரியாமல் கண்டிப்பதிலும், தெரிந்துகொண்டு சிந்திப்பதே மேல்.

ஆட்டத்தின் இயல்பு

இன்று பெருவழக்காயுள்ள போக்கர் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் இரகசியமாகக் கொடுக்கப்படும். பின்பு ஐந்து சீட்டுகள் மேசை நடுவே எல்லாருக்கும் பொதுவாக விரிக்கப்படும்: முதலில் மூன்று, பின் ஒன்று, பின் மற்றொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இறுதியில் ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்து வைத்திருப்பவர் வெல்வார். அல்லது மற்றவர் எல்லாரும் ஒதுங்கிவிட, கையில் ஒன்றுமில்லாதவரும் வெல்வார்.

இந்த ஆட்டத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தொடக்கம் இரண்டு ஆஸ். அது சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். அப்படிக் காத்திருந்து பெற்ற இரண்டு ஆஸைக் கொண்டு, இரண்டு ராசா வைத்திருப்பவரோடு இறுதிவரை மோதினால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு தடவை வெற்றி. ஐந்தில் ஒரு தடவை தோல்வி. எந்தத் திறமையும் அந்த ஐந்தாவது தடவையை இல்லாமற் செய்ய முடியாது. போக்கரில் சரியாக நடந்தவன் தோற்பதும், பிழையாக நடந்தவன் வெல்வதும் அன்றாட நிகழ்ச்சி. மன அமைதிக்கு வரும் சோதனை இதிலிருந்துதான் பிறக்கிறது. தன் பிழையால் தோற்றவன் தன்னையே நொந்துகொண்டு ஆறிவிடுவான். பிழையின்றித் தோற்றவனுக்கு நொந்துகொள்ள ஆள் இல்லை. அவன் சீட்டை நோகிறான், எதிராளியை நோகிறான், சில வேளை ஆண்டவனையும் நோகிறான்.

மனம் சாயும் வேளை

இவ்வாறு நிலை தடுமாறுவதை ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர் 'டில்ட்' என்பார்கள். சாய்தல் என்று பொருள்படும் இச்சொல் பழைய பந்து விளையாட்டு இயந்திரங்களிலிருந்து வந்தது. ஆடுபவர் பொறுமையிழந்து இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால், 'டில்ட்' என்ற விளக்கு எரியும். இயந்திரம் வேலை செய்யாது நின்றுவிடும். மனிதரிடம் அத்தகைய விளக்கு இல்லை. மனம் சாய்ந்த பின்னும் கை பந்தயம் வைத்துக்கொண்டே இருக்கிறது.

உளவியல் அறிஞர்களான டானியல் கானமன், ஏமொஸ் டுவெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதன் காரணத்தை விளக்க உதவுகிறது. ஒரு தொகையைப் பெறும்போது உண்டாகும் மகிழ்ச்சியிலும், அதே தொகையை இழக்கும்போது உண்டாகும் வேதனை பெரிது என்று அவர்கள் காட்டினார்கள். பின்னர் செய்த கணிப்பில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். இழந்ததை இழந்ததாக மனம் ஏற்றுக்கொள்ளாத வரையில், மனிதன் வழக்கத்துக்கு மீறிய துணிவு காட்டுகிறான் என்பதும் அவர்கள் கருத்து. நூறு ரூபா இழந்தவன் அந்த நூறையும் மீட்க வேண்டும் என்றே ஆடுகிறான். அவன் மனம் இன்னும் பழைய கணக்கில் நிற்கிறது.

திருவள்ளுவர் இதை எவ்வளவு நுட்பமாகக் கண்டார் என்பது வியப்புக்குரியது. சூது என்ற 94 ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில், பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை வளர்வதை அவர் உவமையாக எடுக்கிறார். இழப்பு மனிதனை ஆட்டத்திலிருந்து விரட்டும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் அது அவனை மேசையோடு கட்டிவிடுகிறது.

இதற்கு மற்றொரு மயக்கமும் துணை நிற்கிறது. 1913 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 ஆந் திகதி மொன்டே கார்லோ கசினோவில் சுழல் சக்கரத்துப் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று எண்ணிய மக்கள் முண்டியடித்துச் சிவப்பில் பணத்தைக் கொட்டி இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை. சீட்டுக் கட்டுக்கும் இல்லை. 'இவ்வளவு தோற்றுவிட்டேன், இனி எனக்குத்தான் முறை' என்று சொல்லுகின்ற குரல் நம் உள்ளத்திலிருந்து மட்டுமே வருகிறது.

அக்குரலை இன்னும் கொஞ்சம் உற்றுக் கேட்போம். போக்கர் ஆட்டக்காரருக்கு மனப் பயிற்சி அளிக்கும் ஜாரெட் டெண்ட்லர் என்பவர் 2011 இல் வெளியிட்ட நூலில், மனம் சாய்வதற்கான காரணங்களை வகைப்படுத்தியிருக்கிறார். தனக்கு மட்டும் அநீதி நடக்கிறது என்ற எண்ணம் ஒன்று. தன்னை வென்றவனைப் பழிவாங்கும் ஆசை ஒன்று. தான் செய்த தவறைத் தாங்க முடியாமை ஒன்று. தான் திறமைசாலி, ஆகவே வெற்றி தனக்கு உரித்தானது என்ற நினைப்பு ஒன்று. இவற்றை வாசிக்கும்போது இது சீட்டாட்டத்தைப் பற்றியதா, அல்லது பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனையா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. கோபத்தின் அடியில் பெரும்பாலும் ஓர் அகந்தை ஒளிந்திருக்கிறது: 'எனக்கு இப்படி நடக்கலாமா?' என்பதே அது.

முகமும் உள்ளமும்

போக்கர் என்றதும் பலர் நினைப்பது, உணர்ச்சியே காட்டாத கல் முகத்தை. அது பிறருக்கு இடும் திரை. திரைக்குப் பின்னால் வீடு எரிந்துகொண்டிருக்கலாம். முகத்தை அடக்கியவன் மனத்தை அடக்கியவன் ஆகமாட்டான். பிறர் நம்மை அறியாமலிருக்கச் செய்வது ஒன்று. நாம் நம்மை அறிந்திருப்பது வேறொன்று.

மரியா கொன்னிக்கோவா என்ற எழுத்தாளர் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வாழ்வில் அதிர்ஷ்டம் எவ்வளவு, நம் செயல் எவ்வளவு என்று அறியும் நோக்கத்தோடு, முன்பின் தெரியாத போக்கர் ஆட்டத்தை எரிக் சைடல் என்ற அனுபவசாலியிடம் கற்கத் தொடங்கினார். 2018 சனவரியில் பகாமாஸ் தீவில் நடந்த போட்டியொன்றில் வென்று 84,600 டொலர் பரிசும் பெற்றார். தம் அனுபவத்தை 2020 இல் நூலாக வெளியிட்டார். உணர்ச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்ற அவரும் மேசையில் தம் உணர்ச்சிகளோடு போராட வேண்டியிருந்தது. டெண்ட்லரின் உதவியோடு, எந்த வேளையில், யார் என்ன சொன்னால், தம் மனம் சாய்கிறது என்று ஆராய்ந்து அறிந்த பின்னரே அவருக்குத் தெளிவு வந்தது. கோபத்தைப் பற்றிய அறிவு வேறு, தன் கோபத்தை அறிவது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

அமைதி காக்கும் வழிகள்

தேர்ந்த ஆட்டக்காரர் சொல்லும் வழிகள் எளியவை, கடைப்பிடிப்பதுதான் கடினம்.

முதலாவது, முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்த்தல். 'நான் வென்றேனா?' என்று கேட்காமல், 'எனக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு நான் செய்த முடிவு சரியா?' என்று கேட்டல். விடுதலை பெற்ற அடிமையும் ஞானியுமான எபிக்டெட்டஸ், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே, பகடை எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை, விழுந்ததைக் கவனத்தோடும் திறமையோடும் பயன்படுத்துவதே நம் வேலை என்ற கருத்தைத் தம் மாணவருக்குக் கற்பித்தார்.

இரண்டாவது, எல்லையை முன்கூட்டியே வகுத்தல். எவ்வளவு இழந்தால் எழுவது, எத்தனை மணிக்கு எழுவது என்பதை அமைதியாக இருக்கும் வேளையில், வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டும். கலங்கிய மனத்திடம் யோசனை கேட்பது, குடிவெறியில் இருப்பவனிடம் வழி கேட்பது போன்றது.

மூன்றாவது, தன் அடையாளங்களை அறிதல். ஒருவருக்கு நெஞ்சு படபடக்கும்; மற்றொருவர் வேகமாகப் பந்தயம் வைப்பார்; இன்னொருவர் பேசத் தொடங்குவார். அடையாளம் தோன்றியதும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஆழ மூச்செடுத்து, ஒரு சுற்று சும்மா இருக்க வேண்டும். அதுவும் போதாவிடின் எழுந்து வெளியே போக வேண்டும்.

நான்காவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வெற்றியும் மனத்தைச் சாய்க்கும். தொடர்ந்து மூன்று தடவை வென்றவன் சீட்டைத் தன் ஊழியன் என்று நினைக்கத் தொடங்குகிறான். தோல்வியில் கலங்காதிருப்பதைப் போல வெற்றியில் மயங்காதிருப்பதும் அமைதியின் பகுதியே.

இது புண்ணியமா?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஸ்டூ அங்கர் என்ற அமெரிக்கரைப் போக்கர் உலகம் இன்னும் வியப்போடு நினைவுகூர்கிறது. 1970 இல் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை அவர் 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்றார். கடைசி வெற்றிக்கு 10 இலட்சம் டொலர் பரிசு. சீட்டை அவரைப் போல வாசித்தவர் மிகச் சிலரே. ஆனால் சீட்டில் வென்றதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் இழந்தார். போதைப் பொருளுக்கு அடிமையானார். மூன்றாவது வெற்றி கிடைத்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்த 1998 நவம்பரில், லாஸ் வேகாஸ் நகரின் மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். வயது 45. இறந்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அடிமைத்தனம் ஒரு நோய். ஆயினும் அவர் வாழ்வு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. மேசையில் ஒருவனுக்குள்ள ஆற்றல், மேசையை விட்டு எழுந்த பின் அவனைக் காப்பாற்றும் என்ற உறுதியில்லை.

ஞானோபதேச வகுப்பில் நாம் மனனம் செய்த தலையான புண்ணியங்கள் நான்கு: விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம். இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நிற்கும் என்பது நம் முன்னோர் படிப்பினை. நீதியை விட்டுப் பிரிந்த மனத்திடத்தைக் கள்வனும் வைத்திருப்பான். இருட்டில் மதில் ஏறுகிறவனுக்கும் நடுங்காத கை வேண்டும். ஆகவே கலங்காமை என்பது தனியாக நின்றால் ஒரு திறமை மட்டுமே. அது எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கொண்டே அதைப் புண்ணியம் என்றோ, இல்லை என்றோ சொல்லலாம்.

இங்குதான் போக்கர் நம் மனச்சான்றை உண்மையாகவே நெருக்குகிறது. இந்த ஆட்டத்தில் புதிதாகப் பணம் எதுவும் உண்டாவதில்லை. ஒருவர் பெறுவது மற்றவர் இழந்தது. அதிலும் ஒரு பகுதியை ஆட்டம் நடத்துபவர் கட்டணமாக எடுத்துக்கொள்கிறார். அமைதியானவர் நெடுநாளில் இலாபம் அடைவது பெரும்பாலும் அமைதி இழந்தவரின் பணத்தால்தான். எதிராளியின் மனம் சாய்ந்துவிட்டது, இழந்ததை மீட்கும் வெறியில் கண்மூடிப் பந்தயம் வைக்கிறான் என்று கண்டால், அதுவே அறுவடை வேளை என்று கருதுவது இந்த ஆட்டத்தில் வழக்கம்.

நாம் இதற்கு என்ன சொல்வது? எல்லாரும் வளர்ந்தவர்கள், விரும்பி வந்தவர்கள், விதி தெரிந்தவர்கள் என்று ஒரு பக்கம் வாதிக்கலாம். இழந்தாலும் துன்பமில்லாத சிறு தொகைக்கு நண்பர்கள் கூடி ஆடும்போது அவ்வாதம் பொருந்தும். அங்கே எதிராளியின் பதற்றத்தைப் பயன்படுத்துவது, கரப்பந்தாட்டத்தில் எதிரணியின் தளர்ந்த மூலைக்குப் பந்தை அடிப்பதைப் போன்றதே. ஆனால் எதிரில் இருப்பவன் வீட்டு வாடகையை வைத்து ஆடுகிறான் என்று தெரிந்த பின்? அவன் தன் விருப்பத்தால் அல்ல, தன்னை மீறிய வெறியால் பந்தயம் வைக்கிறான் என்று கண்ணாற் கண்ட பின்? அந்த நிமிடத்தில் 'விரும்பி வந்தவன்' என்ற வாதம் உடைந்துபோகிறது. விருப்பம் என்பது சுதந்திரமுள்ள மனத்தின் செயல். மனம் பறிபோனவனிடம் வாங்கும் சம்மதம் சம்மதம் ஆகாது. அப்பொழுது அமைதியாகச் சீட்டை அடுக்கிக்கொண்டிருப்பவனின் அமைதியை நாம் வியக்க மாட்டோம். அதைக் கண்டு அஞ்சுவோம்.

1992 இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413 ஆம் எண்ணில் இவ்விடயத்தை அளவோடு அணுகுகிறது. அதிர்ஷ்ட விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மளவில் நீதிக்கு முரணானவை என்று அது சொல்லவில்லை. ஒருவர் தமக்கும் பிறருக்கும் தேவையானதை அவற்றால் இழக்கும்போது அவை ஒழுக்கத்துக்கு மாறாகின்றன என்றும், சூதாடும் வெறி மனிதனை அடிமையாக்கும் ஆபத்துடையது என்றும் எச்சரிக்கிறது. தேவையும் சுதந்திரமும் ஆகிய இந்த இரண்டு அளவுகோல்களை நாம் நமக்கு மட்டுமன்றி, எதிரில் இருப்பவருக்கும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் விடை இதுதான். சீட்டு மேசையில் ஒருவன் உண்மையாகவே அமைதியானவனா என்று அறிய அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். அவனால் எழ முடிகிறதா என்று பார்த்தாற் போதும். தோற்றுக்கொண்டிருக்கும்போது எழ முடிய வேண்டும். வென்றுகொண்டிருக்கும்போதும் எழ முடிய வேண்டும். எதிராளி தன்னை இழந்துவிட்டான் என்று கண்டால், 'போதும் தம்பி, இன்றைக்கு நிற்பாட்டுவோம்' என்று சொல்லி, கைக்கு வரவிருந்த பணத்தை விட்டுவிட்டு எழ முடிய வேண்டும். மூன்றிலும் கடினமானது கடைசி. அதைச் செய்யக்கூடியவனின் அமைதியை நாம் தயங்காமல் புண்ணியம் என்போம். அதைச் செய்ய முடியாதவன், தான் எத்தனை ஆண்டு கலங்காமல் ஆடியிருந்தாலும், மேசைக்கு அடிமையே.

பெற்றோரே, இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பணமும் வேண்டாம், போக்கரும் வேண்டாம். அடுத்த முறை விறாந்தையில் 304 ஆடும்போது கவனியுங்கள். நல்ல துருப்பு கையில் இருந்தும் தோற்றுப்போன பிள்ளை சீட்டை எறிகிறதா? தன்னோடு சேர்ந்து ஆடிய தம்பியை ஏசுகிறதா? 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று சாப்பாட்டுக்கும் எழ மறுக்கிறதா? அப்பொழுது அதட்டாதீர்கள். 'நீ ஆடியது சரி, சீட்டு வரவில்லை, அவ்வளவுதான்' என்று சொல்லுங்கள். பிறகு சீட்டுக் கட்டை எடுத்து மேலே வைத்துவிட்டு, எல்லாருமாகச் சாப்பிட எழுந்து போங்கள். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் எழுந்தால், அதுவும் பின்னால் வரும்.